மாலை வேளையில் கால்நடைகளைக் கவனித்தல்

சிறு நிலமுடைய குடியானவர் வீட்டில் பகல் முழுவதும் கால்நடைகள் வெவ்வேறிடங்களில் பிரிந்து கிடக்கின்றன. எருதுகள் வயலிலும், பசுக்கள் மேய்ச்சல் நிலத்திலும், ஆடுகள் தரிசிலும், கோழிகள் களத்திலும் குப்பைமேட்டிலும் தங்கள் பொழுதைக் கழிக்கின்றன. அவை யாவும் ஒருங்கு சேர்வது பொழுது சாயும் நேரத்திலேயாம். உடையவர் தம் கால்நடைகள் அனைத்தையும் ஒருமிக்கக் காணக்கூடிய வேளை பெரும்பாலும் இஃதொன்றே. தண்ணீர் காட்டுதல், தீனி வைத்தல், பால் கறத்தல், படுக்கை பரப்புதல், கோழிகளை அடைத்தல் முதலிய மாலை வேலைகள் எல்லோரும் அறிந்தவையே. ஆயினும், வேலை தீர்ந்தால் போதுமென்று செய்பவருக்கும், ஒவ்வொரு பிராணியையும் உற்றுப் பார்த்துச் செய்பவருக்கும் ஆண்டு முடிவில் வரவு செலவில் பெரிய வேற்றுமை காணப்படுகிறது.

இதற்குக் காரணம் எளிது. கால்நடைகளின் வியாதிகளிற் பல சிறு குறிகளோடு தொடங்குகின்றன. மாலையில் அக்குறி கண்ணிற்பட்டால் அன்றிரவே உதவி தேடலாம். காணாது விட்டால், விடியும் வரை ஏறக்குறைய 12 மணி நேரம் வியாதி தடையின்றி வளர்கிறது. ஓரிரு பசுக்களின் பாலைக் கொண்டே சில்லறைச் செலவுகளைச் சமாளிக்கும் குடும்பத்திற்கு ஒரு பசுவின் சாவு ஒரு போக விளைச்சலின் நஷ்டத்தினும் கொடியது. பயிர் மறு போகத்தில் கிடைக்கக்கூடும். பசுவை மறுபடி வாங்குவதற்குப் பெரும்பாலும் கடனே வழி.

மேய்ச்சலினின்று திரும்பும்போது

மந்தை வீடு திரும்புகையில் ஒவ்வொரு மாட்டிற்கும் வழக்கமான இடமும் நடையும் உண்டு. நாள்தோறும் முன்னே வரும் பசு ஒரு நாள் பின்தங்குமாயின், அதனை அடித்து ஓட்டாமல் நிறுத்திப் பார்த்தல் வேண்டும். காது தொங்குதல், மூக்கின் நுனி காய்ந்திருத்தல், கண்ணில் நீர் வடிதல், தீனியைக் கண்டும் முகம் திருப்புதல் ஆகியவை காய்ச்சலின் அறிகுறிகள். வாயில் நுரையும் எச்சிலும் ஒழுக, கால் நொண்டி வந்தால் கோமாரி என்று ஐயுறலாம். இடப்பக்கத்து வயிறு புடைத்துத் தட்டும்போது மத்தளம்போல் ஒலித்தால் அது வயிற்று உப்புசம். அதற்கு மறுநாள் வரை காத்திருத்தல் கூடாது.

நலமுள்ள மாட்டின் உடல் உஷ்ணம் ஏறக்குறைய 101 முதல் 102 பாரன்ஹீட் டிகிரி வரையில் இருக்கும். காலையைவிட மாலையில் சிறிது மிகுதியாயிருப்பது இயல்பு. இளைப்பாறி நிற்கும் மாடு நிமிடத்திற்குச் சுமார் 15 முதல் 30 முறை மூச்சு விடும். விலாவின் அசைவைக் கொண்டு இதனை எண்ணலாம். நலமுள்ள மாடு நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் வரை அசைபோடுகிறது; இதிற் பெரும்பகுதி இரவிலேயே நடைபெறுகிறது. ஆகையால் தீனி தின்று படுத்தபின் அசைபோடாத மாட்டைக் கண்டால் அதன் உடலில் குறையுண்டென்று கொள்ளலாம்.

மேய்ச்சலில் நேரும் ஆபத்துகளுள் இளஞ்சோளத்தின் நச்சு தலையாயது. நீரின்றி வாடிய இளஞ்சோளத்திலும், அறுத்த தாளினின்று துளிர்க்கும் மறுதாம்பிலும் ஒருவகைக் கொடிய நஞ்சு மிகுந்திருக்கும். அதனை வயிறார மேய்ந்த மாடு மூச்சுத் திணறிச் சிறிது நேரத்திலேயே மடியக்கூடும். பூ எடுக்கும் முன் சோளப் பயிரில் மாட்டை விடாதிருத்தலே தக்க காப்பு. தவறி மேய்ந்துவிட்டால் கால்நடை வைத்தியர் இரத்தக்குழாய் வழியே செலுத்தும் மாற்று மருந்து உண்டு. அது பயன்படுவது விரைவைப் பொறுத்தது.

ஏர்மாடுகள் குறைந்துவிட்ட போதிலும், அவற்றை வைத்திருப்போர் நுகம் படும் கழுத்தை மாலைதோறும் கையால் தடவிப் பார்த்தல் அவசியம். தோல் சிவந்து சூடாயிருக்கும்போதே இரண்டொரு நாள் ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும். அதனைக் கவனியாது மறுநாளும் பூட்டினால் புண்ணாகி, உழவுப் பருவம் முழுவதும் எருது கட்டுத்தறியில் நிற்க நேரிடும். குளம்புகளின் இடையே முள்ளும் கல்லும் சிக்கியிருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்து எடுத்துவிடலாம்.

தண்ணீரும் தீனியும்

மாடு திரும்பியதும் முதலில் வேண்டுவது தண்ணீர். கறவையற்ற நாட்டுப் பசுவிற்கு நாளொன்றுக்கு 30 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் வேண்டும். கறவைப் பசுவிற்கு இதனோடு, கறக்கும் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் 3 முதல் 5 லிட்டர் வரை மிகுதியாக வேண்டும். பால் குறைந்துவிட்டதென்று பிண்ணாக்கைக் கூட்டுவோர் பலர். தொட்டியில் தண்ணீர் போதுமா என்று பார்ப்போர் சிலரே. கழுநீர் தொட்டியில் இரண்டு மூன்று நாள் தங்கிப் புளித்திருந்தால் அதனைக் கொட்டிவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவுதல் நலம்.

தீனியில் வைக்கோல் வயிற்றை நிரப்புமேயன்றிக் கறவைக்கு வேண்டிய புரதத்தைத் தராது. பசும்புல், அகத்தி, பயறுவகைக் கொடிகள் ஆகியவற்றோடு, கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் சுமார் 1 கிலோ கலப்புத் தீவனம் கொடுப்பது பொதுவிதி. பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு விலை மலிவாகக் கிடைப்பினும் வாங்கலாகாது. அதிலுள்ள நஞ்சு மாட்டின் ஈரலைக் கெடுப்பதோடு பாலின் வழியே குழந்தைகளையும் சென்றடைகிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை மிகவும் முக்கியமானது. மாட்டுப் பொங்கலன்றும், கலியாண விருந்துகளின் மறுநாளும், மிஞ்சிய சோற்றையும் பொங்கலையும் அன்பின் மிகுதியால் பசுக்களுக்குக் கூடைகூடையாக வைப்பது பல ஊர்களில் வழக்கம். மாட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் நார்த்தீனியைச் செரிப்பதற்குப் பழகியவை. திடீரென்று சோறும் மாவும் மிகுதியாகச் சேர்ந்தால் அவை விரைவில் புளித்து அமிலமாகி, அந்நுண்ணுயிர்களையே அழித்துவிடுகின்றன. மாடு தீனியை வெறுத்து, தள்ளாடி, கழிந்து, ஓரிரு நாளில் இறந்துபோவதும் உண்டு. விழா நாளில் கைப்பிடியளவு பொங்கலோடு நிறுத்திக்கொள்வதே மாட்டிற்குச் செய்யும் உண்மையான மரியாதை. தொழுவத்தினருகே சோற்றுப் பானைகளையும் தவிட்டு மூட்டைகளையும் மாடு எட்டும்படி வைத்தலும் தவறு.

வைக்கோல், தட்டு முதலிய நார்த்தீனி முதல் வயிற்றில் செரிக்கும்போது உடலில் உஷ்ணம் உண்டாகிறது. ஆகையால் கோடைக்காலத்தில் அத்தீனியின் பெரும்பகுதியைப் பகலில் வைக்காமல், வெயில் தாழ்ந்தபின்னும் இரவிலும் வைப்பது நன்று. கலப்பினப் பசுக்கள் வெப்பத்தைத் தாங்குவதில் நாட்டு மாடுகளினும் குறைந்தவையாதலால் அவற்றிற்கு இம்முறை மிகவும் தேவை.

கறவை

பால் கறக்கும் நேரம் நாள்தோறும் மாறாதிருத்தல் வேண்டும். மடியைக் கழுவித் துடைக்கும்போதும், கன்று முட்டி ஊட்டும்போதும் உண்டாகும் உணர்ச்சியால் பசுவின் இரத்தத்தில் ஒரு சுரப்பு கலந்து பாலை இறங்கச் செய்கிறது. இதன் வேகம் சில நிமிடங்களே நிற்கும். ஆகையால் கறக்கத் தொடங்கியபின் இடையில் எழுந்து செல்லாமல், 5 முதல் 7 நிமிடங்களுக்குள் முடித்தல் தக்கது. அவ்வேளையில் கூச்சலும் அடியும் நாயின் குரைப்பும் பசுவை மிரட்டினால் இச்சுரப்பு தடைப்பட்டு, பால் மடியிலேயே நின்றுவிடும். பசு பாலை ஒளித்துக்கொள்கிறதென்று சொல்லப்படுவதன் காரணம் இதுவே.

கட்டைவிரலை மடக்கிக் காம்பை நெரித்துக் கறப்பதைவிட, முழுக்கையாலும் பிடித்துக் கறப்பது காம்பிற்குத் தீங்கு செய்யாத முறை. ஒவ்வொரு காம்பினின்றும் முதலில் வரும் இரண்டொரு பீரைக் கறுப்புத் துணியின் மேல் பீய்ச்சிப் பார்த்தால், திரியோ கட்டியோ நீர்ப்பாலோ இருப்பது உடனே புலப்படும். இது மடிநோயின் தொடக்கம். அப்பசுவைக் கடைசியாகக் கறந்து, கையைச் சோப்பிட்டுக் கழுவி, கால்நடை வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். சிகிச்சைக்காக மருந்து செலுத்தியபின் அவர் சொல்லும் நாள் வரை அப்பாலை விற்பனைக்கு அனுப்பலாகாது.

கறந்து முடிந்தபின் காம்பின் துவாரம் ஏறக்குறைய அரை மணி நேரம் திறந்தே இருக்கும். பசு உடனே சாணத்திலும் சேற்றிலும் படுத்தால் நோய்க்கிருமிகள் அதன் வழியே எளிதில் உட்புகும். ஆகையால் பசும்புல்லையும் வைக்கோலையும் கறவைக்கு முன் வைக்காமல், கறந்து முடிந்ததும் வைத்தால், பசு நின்றுகொண்டே தின்னும். அதற்குள் துவாரமும் மூடிக்கொள்ளும். செலவில்லாத இச்சிறு மாறுதல் மடிநோயைக் குறைப்பதற்குப் பெரிதும் உதவுகிறது.

பருவ அறிகுறிகள்

பசு ஏறக்குறைய 21 நாளுக்கொரு முறை சினைப்பருவத்திற்கு வருகிறது. அப்பருவம் நீடிப்பது சுமார் 12 முதல் 18 மணி நேரமே. கத்துதல், பிற மாடுகளின் மேல் தாவுதல், தன்மேல் தாவும்போது அசையாது நிற்றல், கண்ணாடிபோல் தெளிந்த திரவம் வழிதல் ஆகிய குறிகள் இரவிலும் விடியற்காலையிலும் மிகுதியாகத் தோன்றுவதால், மாலையிலும் அதிகாலையிலும் பார்ப்பவருக்கே அவை அகப்படுகின்றன. காலையில் பருவங்கண்ட பசுவிற்கு அன்று மாலையிலும், மாலையில் கண்ட பசுவிற்கு மறுநாள் காலையிலும் கருவூட்டல் செய்விப்பது விதி. ஒரு முறை தவறினால் 21 நாள் தீனிச் செலவு வீணாவதோடு அடுத்த ஈற்றும் தள்ளிப்போகிறது. எருமைகளில் இக்குறிகள் மிகவும் மறைவாயிருப்பதால் கூடுதலான கவனம் வேண்டும்.

படுக்கையும் எருவும்

இரவு முழுவதும் மாடு படுக்கும் இடம் உலர்ந்திருக்க வேண்டும். தொழுவத்தின் தரை 40 அடிக்கு 1 அடி வீதம் சரிந்து கோமூத்திரம் வாய்க்காலில் வடியும்படி அமைந்திருந்தால் ஈரம் தங்காது. மாலையில் தின்று கழித்த வைக்கோல், உலர்ந்த சருகு, புழுதி மண் இவற்றைப் பரப்பினால் மாட்டிற்கு மெத்தையும், நிலத்திற்கு எருவும் ஒருங்கே கிடைக்கின்றன.

மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறக்குறையப் பாதி கோமூத்திரத்தில் இருக்கிறது. சாணத்தைக் கூடையில் அள்ளிச் சேர்த்துக்கொண்டு கோமூத்திரத்தைத் தரையில் ஊறவிடுபவர், எருவிற் பாதியை இழக்கிறார். பரப்பிய சருகும் மண்ணும் அதனை உறிஞ்சிக்கொள்ளுமாதலால், காலையில் அவற்றை வாரி எருக்குழியிலிட்டு மேலே மண் தூவினால் சத்து காற்றில் போகாமல் நிலைக்கும். இந்தியாவின் பயிர்த்தொழிலை ஆராய வந்த டாக்டர் வால்க்கர் 1893-ஆம் ஆண்டு வெளியான தம் அறிக்கையில், விறகில்லாத குறையாலேயே குடியானவர்கள் சாணத்தை எரிக்கின்றனரென்று எடுத்துக்காட்டினார். இன்று பல வீடுகளில் சமையலுக்கு எரிவாயு வந்துவிட்டதாகையால், சாணம் வறட்டியாகாமல் வயலுக்குச் செல்வதற்குத் தடையில்லை.

ஆடுகளும் கோழிகளும்

ஆடுகளைப் பட்டியில் அடைக்கும்போது எண்ணி அடைப்பது பழைய வழக்கம். எண்ணும் அதே நேரத்தில் மூக்கொழுகல், இருமல், கழிச்சல் உள்ளவற்றைப் பிரித்து வேறிடத்தில் கட்டினால், எண்ணுதலின் பயன் இரட்டிப்பாகும். ஆட்டுக்கொல்லி நோய் என்னும் தொற்றுவியாதி இந்தியாவில் முதன்முதல் அறியப்பட்டது 1987-ஆம் ஆண்டில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரிலுள்ள ஆடுகளிடத்திலேயாம். காய்ச்சல், வாய்ப்புண், மூக்கிலும் கண்ணிலும் நீர், கடுங்கழிச்சல் ஆகியவை அதன் அறிகுறிகள். அதனைத் தடுக்கத் தடுப்பூசி உண்டு. சந்தையில் வாங்கிய ஆட்டை அன்று மாலையே பட்டியிற் சேர்த்துவிடாமல், மூன்று வாரம் வரை தனியே கட்டிப் பார்ப்பது முழு மந்தையையும் காக்கும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் செம்மறி ஆடுகளைத் தாக்கும் நீலநாக்கு நோய், கண்ணுக்கு எளிதிற் புலப்படாத மிகச் சிறு கடிபூச்சிகளால் பரவுகிறது. அவை அந்தியிலும் இரவிலும் கடிப்பவை; சாணமும் சேறும் கலந்த ஈரத்தில் பெருகுபவை. ஆகையால் பட்டியைச் சுற்றி நீர் தேங்காமற் செய்தலும், வேப்பிலை, நொச்சி முதலியவற்றால் மாலையில் மூட்டமிடுதலும் நன்மை தரும். மூட்டம் காற்றோட்டமுள்ள இடத்திலிருத்தல் வேண்டும். கூரையின் கீழ் நெருப்பை விட்டுச் செல்லுதல் பெருந்தவறு.

கோழிகள் அடையும் நேரத்தில் அவற்றைப் பஞ்சாரத்திலோ கூட்டிலோ அடைக்கும்போது ஒவ்வொன்றின் இரைப்பையையும் விரலால் தொட்டுப் பார்ப்பது பயனுள்ள பழக்கம். நலமுள்ள கோழியின் இரைப்பை மாலையில் நிறைந்திருக்கும். வெறுமையாயிருந்தால் அக்கோழி அன்று பகலில் மேயவில்லை என்பது பொருள். பச்சை கலந்த வெள்ளைக் கழிச்சல், வாய் திறந்து மூச்சு விடுதல், கழுத்துத் திருகல் ஆகியவை வெள்ளைக்கழிச்சல் நோயின் குறிகள். இராணிக்கேட் நோய் என்றும் பெயர் பெற்ற இது ஒரு கூட்டிற் புகுந்தால் சில நாளில் ஊர்க்கோழிகளையெல்லாம் அழிக்கவல்லது. நோய் வருமுன் தடுப்பூசி போடுவதன்றி வேறு பரிகாரம் இல்லை. கோழி உண்ணிகள் பகலில் மரக்கூட்டின் வெடிப்புகளில் மறைந்திருந்து இரவில் வெளிவந்து இரத்தம் உறிஞ்சுமாதலால், கோழியின் உடலிற் காணாவிடினும் கூட்டின் இடுக்குகளைப் பார்த்தல் வேண்டும்.

உறங்கப் போகுமுன்

இராச் சாப்பாட்டிற்குப் பின் விளக்கோடு ஒரு முறை தொழுவத்தைச் சுற்றி வருவது கால் மணி நேர வேலை. கயிறு காலிற் சிக்கியிருத்தல், கன்று அவிழ்ந்து தாயிடம் ஊட்டிக்கொண்டிருத்தல், மின்கம்பியின் உறை கிழிந்து தொங்குதல், கோழிக்கூட்டின் கதவு சரியாகச் சாத்தப்படாமை முதலியவை அப்போதே கண்ணிற்படும். இடிமழைக் காலத்தில் மாடுகளைத் தனிமரத்தடியில் கட்டிவிட்டு உறங்கலாகாது.

ஈனும் நாள் நெருங்கிய பசுவை இரவில் இரண்டு மூன்று முறை பார்த்தல் வேண்டும். பசுவிற்குச் சினைக்காலம் சுமார் 280 நாள். எருமைக்குச் சுமார் 310 நாள். ஆட்டிற்குச் சுமார் 150 நாள். கருவூட்டிய நாளைக் குறித்து வைத்திருப்பவருக்கு இக்கணக்கு எளிது. பனிக்குடம் வெளிப்பட்டபின் 2 மணி நேரம் வரை கன்று வெளிவராவிடில் பலர் கூடி இழுப்பதை விட்டுக் கால்நடை வைத்தியரை அழைத்தல் நலம். பிறந்த கன்றுக்கு முதல் ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டுதல் இன்றியமையாதது. நோயை எதிர்க்கும் சக்தி கன்றுக்கு அதன் வழியே கிடைக்கிறது. நேரம் செல்லச் செல்லக் கன்றின் குடல் அதனை ஏற்கும் தன்மையை இழந்துவிடுகிறது. நஞ்சுக்கொடி விழட்டுமென்று சீம்பாலைத் தாமதிக்கும் வழக்கத்தால் மடிந்த கன்றுகள் பல. 12 மணி நேரம் கழிந்தும் கொடி விழாவிடில் அதிற் கல்லைக் கட்டுவதும், கையால் இழுப்பதும் கருப்பையைப் புண்ணாக்கும்.

கிராம அதிகாரிகளின் பங்கு

ஒரு தொழுவத்தில் மாலையிற் கண்ட குறி அந்த வீட்டோடு நிற்பதில்லை. 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படி, பட்டியலிலுள்ள நோய் தம் பிராணிக்கு இருப்பதாக ஐயுறும் உடையவர் அதனைக் கிராம அதிகாரிக்கோ ஊராட்சிப் பொறுப்பாளருக்கோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அவ்வதிகாரி அருகிலுள்ள கால்நடை வைத்தியருக்கு அதனை எழுத்து மூலம் அறிவிப்பதற்கு அச்சட்டம் வழி செய்திருக்கிறது. 1962 என்னும் தொலைபேசி எண்ணின் வழியே நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியின் உதவியையும் கோரலாம்.

முன்னறிகுறியின்றி மாடு திடீரென்று இறந்து, மூக்கு முதலிய துவாரங்களில் உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் கசிந்தால் அடைப்பான் நோயென்று கருதி, அவ்வுடலை அறுக்கவோ தோலுரிக்கவோ எவரையும் விடலாகாது. அந்நோய் மனிதரையும் கொல்லும். உடலை அறுத்தால் கிருமிகள் மண்ணிற் கலந்து பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். வைத்தியர் வந்து பார்க்கும் வரை உடலை நாய்களும் கழுகுகளும் அணுகாதபடி காவல் வைத்து, பின்னர் ஆழமான குழியில் சுண்ணாம்பிட்டுப் புதைப்பித்தல் கிராம அதிகாரிகள் முன்னின்று செய்யத்தக்க காரியம்.

இத்தகைய விழிப்பின் பலன் வரலாற்றில் உண்டு. மாட்டு வெக்கை நோய் ஒரு காலத்தில் நாடெங்கும் மந்தைகளை வாரிக்கொண்டு போயிற்று. அதனை ஆராய்வதற்கென்று 1889-ஆம் ஆண்டு பூனாவில் தொடங்கப்பட்ட ஆய்வுக்கூடம் 1893-ஆம் ஆண்டு இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்திற்கு மாற்றப்பட்டது. தடுப்பூசியோடு, கிராமம் கிராமமாகச் சென்று நோயுற்ற மாடு உண்டா என்று விசாரித்தறியும் முறையும் கையாளப்பட்டதன் பயனாக, 2006-ஆம் ஆண்டு இந்தியாவும், 2011-ஆம் ஆண்டு உலகம் முழுவதும் அந்நோயினின்று விடுபட்டன. அவ்விசாரணைக்கு விடை கூறியவர்கள் தம் மாடுகளை நாள்தோறும் பார்த்துவந்த குடியானவர்களே. 2019-ஆம் ஆண்டு இந்தியாவில் முதன்முதல் காணப்பட்ட தோல் கழலை நோய் போன்ற புதிய வியாதிகளுக்கும் அதே விழிப்பு வேண்டும். கோமாரிக்கு ஆறு மாதத்திற்கொரு முறை இலவசமாகப் போடப்படும் தடுப்பூசியை ஊரில் ஒரு மாடும் விடுபடாமற் போடுவித்தல் உடையவர், அதிகாரி ஆகிய இருதிறத்தாரின் பொறுப்பாகும்.

தொழுவத்தின் தூணில் ஒரு சிறு கணக்குப் புத்தகத்தைத் தொங்கவிட்டு, மாலைதோறும் பாலின் அளவு, பருவங்கண்ட நாள், கருவூட்டிய நாள், தடுப்பூசி போட்ட நாள், தீனி மறுத்த மாடு ஆகியவற்றை ஒரு வரியில் எழுதிவருவது குடியானவர் எவர்க்கும் இயலும். வீட்டுப் பிள்ளைகளிடம் இவ்வேலையை ஒப்படைத்தால் அவர்களுக்குக் கால்நடைகளைப் பார்த்தறியும் பழக்கமும் உண்டாகும். வைத்தியர் வரும்போது, "நேற்று மாலை எப்படியிருந்தது?" என்பதே அவர் கேட்கும் முதற்கேள்விகளுள் ஒன்று. அதற்குத் திருத்தமான விடையளிக்கக்கூடிய வீட்டில் சிகிச்சையும் தாமதமின்றித் தொடங்கும்.